வியாழக்கிழமை நாலேகால் பஸ்

பவுடர் போட்டுக்கொண்டு போகிறாள் என்றால் போகட்டும். பவுடர் பூசுவது எந்த வேதத்தில் பாவம் என்று ரெமெதியா வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். எர்மிக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. தையல் மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் குனிந்திருக்கிறவளுக்கு வேர்க்குரு வராமல் மல்லிகையா பூக்கும்? இஸ்திரி போட்ட கவுன் என்கிறாள். ஊரார் கவுனுக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவள் தன் கவுனைக் கசக்கிக்கொண்டா போவாள்? புதுச் செருப்பு என்கிறாள். அது நான் வாங்கிக் கொடுத்தது. ஸ்கூட்டர் என்கிறாள். அதற்கும் வருகிறேன்.

"கப்பல்காரன் பொண்டாட்டி வியாழக்கிழமையானா சிங்காரிச்சுக்கிட்டு மட்காவ் பஸ் ஏறுறா. ஜெபமாலை சொல்லவா போறா?" என்று ரெமெதியா ரொட்டிக்காரனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். ரொட்டிக்காரனிடம் சொன்னால் வாடோ என்கிற எங்கள் குடியிருப்பு முழுக்கக் கோயில் மணி அடித்த மாதிரி. எங்கள் வாசலுக்கு அவன் வந்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது, செய்தி சூடாக இருந்தது.

அன்றைக்கே ரெமெதியாவின் கேட்டில் போய் நின்றேன்.

"ரொட்டிக்காரன் என்ன பாதிரியாரா? என் மருமக பாவத்தை அவன்கிட்ட நீ சொல்லிக்கிட்டிருக்க?"

"நான் என்ன மாயி சொல்லிட்டேன்? ஊரு சொல்றதைச் சொன்னேன்."

"ஊரோட வாய் உன் மூஞ்சிலதான இருக்கு."

அதற்குள் அவள் வீட்டு நாய் குரைத்தது. பாதியில் வந்துவிட்டேன். மீதியை வெளியூர்க்காரர்கள் உங்களிடம் சொல்கிறேன். எர்மியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க மாயி. மத்தவங்க பேரை மட்டும் சொல்லாதீங்க," என்றாள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எர்மெலிந்தா. கப்பலில் வேலை பார்க்கிற என் ஒரே மகன் கயேத்தானின் மனைவி. வயது நாற்பத்து நாலு. உயரம், மிஷின் மிதித்து மிதித்து ஒரு தோள் மட்டும் சற்று இறங்கியிருக்கும். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி. குண்டூசிகளுக்கு நடுவிலேயே பேசுவாள், எனக்கு மட்டும் விளங்கும். வாயில் ஊசி இல்லாத நேரத்தில் எல்லோரிடமும் நயமாகப் பேசுகிறவள், ஊசி இருக்கும்போதுதான் மனதில் இருப்பதைச் சொல்வாள். மணப்பெண்ணின் தாய் ஒருத்தி, "இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தைங்க," என்று நச்சரித்தபோது ஊசிகளுக்குள்ளிருந்தே சொன்னாள்: "பொண்ணு மூச்சு விடணுமா, போட்டோவுல நல்லா இருந்தா போதுமா?"

கண்ணே அவளுக்கு அளவு நாடா. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையைப் பார்த்துக்கொண்டே என் காதில் சொல்வாள்: "நம்ம கோயில்பிள்ளை ரெண்டு இஞ்ச் இளைச்சிட்டாரு. உடம்புக்கு ஏதோ இருக்கு." பத்தாம் நாள் அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். யாராவது தைத்த துணியை அவளிடம் காட்டினால் முதலில் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். உள்பக்கத்தில் நூல் தொங்கினால் மடித்து வைத்துவிடுவாள்.

கயேத்தான் சிங்கப்பூரிலிருந்து மின்சாரத் தையல் மிஷின் கொண்டுவந்தான். அது லேஸ் துணி போர்த்திக்கொண்டு ஹாலில் இருக்கிறது, மேலே குழந்தை இயேசு நிற்கிறார். அவள் தைப்பது என் காலத்துக் கால் மிஷினில். "அது என்னை இழுத்துக்கிட்டு ஓடுது மாயி. இது நான் நிறுத்தினா நிக்குது," என்பாள். துண்டுத் துணியை எறிய மனம் வராது. எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அடையாளமாகக் காலில் கட்டியிருப்பதெல்லாம் கல்யாணப் பட்டு. "இன்னைக்கு மார்சியானா கல்யாணத்தைக் குழம்பு வச்சிடலாமா?" என்று அவள் கேட்டால் எந்தக் கோழி என்று எனக்குத் தெரியும்.

இவள் குடித்தாள். அதை மூடி வைத்துக்கொண்டு நான் யாரோடும் சண்டை போடப்போவதில்லை.

முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தது நான். இப்போது வெளியூரில் படிக்கிற என் பேத்தி பிறந்த வருஷம், நல்ல மழை மாதம். பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் தங்கிவிடக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான்: ஃபெனி என்கிற தென்னஞ்சாராயத்தில் சர்க்கரை போட்டு, வெந்நீர் விட்டு, விளக்கேற்றும் நேரத்தில் சின்னக் கிளாஸில் ஒன்று. நாற்பது நாள். என் மாமியார் எனக்குக் கொடுத்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன், நாற்பத்தோராம் நாள் மறந்துவிட்டேன். எர்மி நாற்பத்தோராம் நாள் சமையலறைக் கதவில் வந்து நின்று, "இன்னைக்கு இல்லையா மாயி?" என்றாள். நான் சிரித்தேன். வேடிக்கை என்று நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

கப்பல்காரன் வீட்டில் ஒன்பது மாதம் ஆண் கிடையாது. மூன்று மாதம் இருப்பான், அந்த மூன்று மாதமும் விருந்து. அவள் எப்போது, எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் சரி. எங்கள் அடுப்படியில் வினிகர் பாட்டில் மூன்று இருக்கும். ஒரு திருநாளன்று பாதிரியாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பன்றிக்கறியில் வினிகரை ஊற்றினேன். ஊற்றியதும் ஆவி மூக்கில் ஏறியது. அது வினிகர் இல்லை. எர்மி கொத்தமல்லி அரிந்துகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அகப்பையைப் பார்த்தேன். பாதிரியார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இந்தத் தடவை கைமணமே வேற," என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். அதற்கப்புறமும் சில வருஷம் அப்படியே ஓடியது. அவள் மறைப்பாள், நான் பார்க்க மாட்டேன்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு சாடோ வெட்டப் போனாள். சாடோ என்பது மணப்பெண்ணின் சிவப்பு உடை. அதைத் தையற்காரியின் வீட்டில் வெட்டுவதில்லை. தையற்காரியைப் பெண் வீட்டுக்கு அழைத்து, மாலை போடாத குறையாக உட்காரவைத்து, உறவெல்லாம் சுற்றி நிற்க, அவள் கத்தரிக்கோல் துணியில் இறங்கும் நிமிஷம் வாசலில் பட்டாசு வெடிப்பார்கள். முதல் கிளாஸ் தையற்காரிக்குத்தான். அவள் குடித்தால்தான் மற்றவர்கள் குடிக்கலாம். எர்மி வீட்டிலேயே குடித்துவிட்டுப் போயிருந்தாள். அங்கே மாமன் ஒரு கிளாஸ், சித்தப்பன் ஒரு கிளாஸ். பட்டாசு வெடித்தது. ஒரு பக்கம் மட்டும் ஜரிகை ஓடிய துணி அது, புரட்டித் தைக்க முடியாது. உடையின் கை இரண்டையும் இடக்கைக்கே வெட்டிவிட்டாள்.

வெட்டும்போது யாருக்கும் தெரியவில்லை. வெட்டி முடித்து இரண்டையும் உடம்பில் வைத்துப் பார்த்தபோது பெண்ணின் பாட்டிதான் முதலில் பார்த்தாள். சாடோத் துணியை இரண்டாம் தடவை வாங்கி வெட்டுவது ஆகாது. எர்மி அந்த இரண்டு இடக்கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மடித்துப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், யாரோ அவள் கையிலிருந்து வாங்கும்வரை. பெண் தோளில் சால்வை போர்த்திக்கொண்டு கல்யாணம் முடித்தாள். அதற்குப் பிறகு எர்மியை யாரும் கூப்பிடவில்லை. பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுக்கக்கூட வேறு ஊருக்குப் போனார்கள். மிஷினின் முன்னால் உட்காருவாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை ஆடும். நான் கோத்துக் கொடுப்பேன், எழுபத்தாறு வயதுக் கண்ணோடு.

கோயில் அறிவிப்புப் பலகையில், கல்யாண ஓலைகளுக்குக் கீழே, ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற இடம், கிழமை, ஒரு தொலைபேசி எண். எல்லோரும் போனபிறகு எர்மி அந்த எண்ணை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, தையல் சாக்கட்டியால் இஸ்திரி மேசையின் அடிப்பக்கத்தில் எழுதி வைத்தாள். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. தரை துடைக்கக் குனிந்தபோது நான் பார்த்தேன். என்ன எண் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. துடைக்காமல் விட்டேன்.

எங்கள் பாதிரியாரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் நல்லவர். நல்லவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அவர் எங்கள் கேட்டில் வண்டியை நிறுத்தினாலே ஏன் என்று நாலு ஜன்னல் திறக்கும். ஈஸ்டர் முடிந்த வாரம் அவள் போன் செய்தாள். மட்காவில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய கிளப் கட்டிடம், வியாழன் ஐந்து மணி என்றார்கள்.

"தனியாப் போக வேண்டாம். நானும் வர்றேன்," என்றேன்.

"அங்க வந்து நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவேன்."

பல் டாக்டரிடம் போவதாக வாடோவில் சொன்னோம். என் வாயில் இருப்பது நாலு பல்.

அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர்கள், தலையில் துணி போட்ட பெண்கள், பாட்டு, கைதட்டல். ஒருவர் மேலும் சாராய வாடை இல்லை. எங்கள் பக்கம் ஒருவன் குடியை விட்டான் என்றால் விசுவாசி ஆகிவிட்டான் என்றுதான் அர்த்தம். சொரூபங்களை எடுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கூடத்தில் போய்ப் பாடுவான். அப்படிப் போன குடிகாரர்கள் எங்களுக்கே நாலு பேரைத் தெரியும். ஆகவே இதுதான் இடம் என்று நானும் சந்தேகப்படவில்லை, அவளும் சந்தேகப்படவில்லை. போய் உட்கார்ந்தோம். டீ கொடுத்தார்கள். எர்மி அழுதாள், அவர்களும் சேர்ந்து அழுதார்கள். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, வீட்டிலிருக்கிற சொரூபங்களை இன்றைக்கே அகற்றிவிடுங்கள் என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "நான் பாட்டிலை வெளிய போடத்தான் வந்தேன். அந்தோனியார் அறுபது வருசமா எங்க வீட்டுல இருக்கார். அவர் ஒரு சொட்டு குடிச்சதில்ல."

எர்மி என் கவுனைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. தலையில் துணி போட்ட ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் எங்களை வெளியே கூட்டிவந்து, "நீங்க தேடுறது மாடியில அக்கா. மூணாவது ரூம். வாராவாரம் ஒருத்தராவது இங்க தப்பி வந்துடுவாங்க," என்று படிக்கட்டைக் காட்டினாள். நல்ல பெண். சாமி வேறு என்றாலும் நல்ல பெண்.

மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. ஏழு ஆண்கள், வட்டமாக இரும்பு நாற்காலிகள், மேசைமேல் ஒரு கெட்டில், தட்டில் பிஸ்கட். பாட்டு இல்லை. ஒருவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் எங்களைக் கண்டு நிறுத்தினான். அறுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். மிங்கெல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவர் பெயர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்பு கலையாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எர்மியைப் பார்த்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி, மூக்கு சிவந்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஆடிய என்னையும் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"வாங்க மாயி. பயப்படாதீங்க. விடறதுக்கு வயசே கிடையாது. எண்பது வயசுல விட்டவர் ஒருத்தர் இங்க வந்துக்கிட்டிருந்தார்."

இரண்டு பேர் என்னைத் தாங்கி உட்காரவைத்தார்கள். ஒருவன் என் கையில் டீயைக் கொடுத்தான், பாதிக் கிளாஸ்தான் ஊற்றியிருந்தான், கை ஆடினால் சிந்தாமல் இருக்க. "மக கூட்டிட்டு வந்துச்சா? கொடுத்து வச்சவங்க," என்றான்.

வாயைத் திறந்தேன். எர்மியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவளுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. கிழவியைக் கூட்டிவந்த மருமகளாகவே அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் சொல்லாமல் வீட்டுக்குப் போகலாம். அப்படியே இருக்கட்டும், காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். இந்த வயதில் குடிகாரி என்று பெயர் வாங்குவது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

"மாயி இல்ல," என்றாள் எர்மி.

வாயில் குண்டூசி இல்லை. ஆனால் குரல் ஊசிகளுக்கு நடுவிலிருந்து வருகிற மாதிரிதான் வந்தது.

"மாயி தொடவே மாட்டாங்க. நான்தான்."

அந்த அறைக்கு அதுவரை ஒரு பெண் வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. ஒருவன் சிகரெட்டை அணைத்தான். இன்னொருவன் எதற்கென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான். மிங்கெல் ஒரு நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். "பேரு மட்டும் சொன்னா போதும். ஊரு, வீடு எதுவும் வேண்டாம்."

"எர்மி."

"வாங்க எர்மி," என்று ஏழு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அங்கே ஒவ்வொருவனும் எழுந்து, பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று தொடங்குகிறான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது வருஷமாகத் தொடாதவன்கூட அப்படியே சொல்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. பஸ்ஸில் கேட்டேன்: "விட்டவன் எதுக்கு இன்னும் குடிகாரன்னு சொல்லிக்கணும்?" எர்மி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "சுகர்காரங்க மாத்திரை போட்டா சுகர் இல்லன்னா சொல்லிக்கிறாங்க?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து தனியாகப் போனாள்.

இன்னொரு கட்டுப்பாடு, அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. அந்த ஏழு பேரில் இரண்டு பேருடைய ஞானஸ்நானத்துக்கே நான் போயிருக்கிறேன். எந்த வாடோ என்று என் நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். எர்மி எங்கே போகிறாள் என்று ரெமெதியாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வம்பு அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வியாழன் அந்தக் கட்டிட வாசலில் ரெமெதியா காய்கறி வாங்குகிற மாதிரி நின்றிருப்பாள். அதனால் எர்மி பேச்சை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் மாதம் சான் ஜுவாங் திருநாள் வந்தது. தலையில் பூமுடி வைத்துக்கொண்டு கிணறு கிணறாகக் குதித்து, வீடு வீடாக வந்து பாடுவார்கள். வருகிறவர்கள் கையில் பாட்டில் இருக்கும். வீட்டுக்காரர்கள் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். நான் அடுப்படியில் இருந்தேன். நான் வருவதற்குள் அவள் குடித்துவிட்டாள், ஒரு வாய் அல்ல. மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். வியாழக்கிழமை எழுந்திருக்கவில்லை.

"என்ன மூஞ்சியோட போறது?"

"இருக்கிற மூஞ்சியோட போ."

"பத்து வாரம் மாயி. எல்லாம் போச்சு."

"நீ பிசகித் தைச்சா துணியைத் தூக்கி எறியுறியா, பிரிச்சுத் தைக்கிறியா?"

போனாள். அங்கே யாரும் திட்டவில்லையாம். மிங்கெல், "வந்துட்ட இல்ல. உக்காரு, டீ ஆறுது," என்றாராம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுந்து நின்று பேசினாளாம். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தொடவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் ஊசியில் அவளே நூல் கோத்தாள். கோத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல், காட்டாத மாதிரி மேசைமேல் என் பக்கமாக வைத்தாள்.

அந்த மாதம்தான் ஸ்கூட்டர். பெருமழையில் பஸ் வரவில்லை. மிங்கெல் சின்னக் கோயில் திருப்பம்வரை கொண்டுவந்து விட்டார். முழங்கால் வலிக்காரர், மழைக்கோட்டுக்குள் மூட்டை மாதிரி இருப்பார். எர்மி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குடையைத்தான் ரெமெதியாவால் பொறுக்க முடியவில்லை. அவள் தங்கை மகனும் கயேத்தானும் ஒரே கப்பல். ஸ்கூட்டர் கடலைத் தாண்டிப் போய்விட்டது.

என் மகன் கெட்டவன் இல்லை. நவம்பரில் வந்தான். சாக்லேட், சென்ட், துவாலையில் சுற்றிய இரண்டு பாட்டில், எப்போதும் போல. எர்மி பாட்டில்களைப் பார்த்துவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். நான் அவற்றை எடுத்து என் பெட்டியில், என் சாவுக்கென்று தைத்து வைத்திருக்கிற கவுனுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். "அது வேணும்னா நான் சாகணும்," என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். எர்மி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள். ஸ்கூட்டரைப் பற்றி அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவனைக் கடித்தது வேறு.

"அஞ்சு மாசமா தொடலைங்கிற. அப்ப சரியாயிடுச்சு. இன்னும் எதுக்குப் போகணும்?"

"தொடாம இருக்கத்தான் போறேன்."

"ஏழு ஆம்பளைங்க நடுவுல என் பொண்டாட்டி நின்னு நான் குடிகாரின்னு சொல்லணுமா? கப்பல்ல ரெமெதியா தங்கச்சி மகன் என் மூஞ்சிக்கு நேரா கேக்குறான் எர்மி, உன் வீட்டுக்காரி வியாழக்கிழமை எங்க போறான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"மட்காவ் போறான்னு சொல்லுங்க."

"வேணும்னா வீட்டுல என்கூட உக்காந்து கொஞ்சமா எடுத்துக்கோ. யாருக்குத் தெரியப்போகுது? நாலு சுவருக்குள்ள இருக்கட்டும்."

அவள் ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. "நாலு சுவருக்குள்ளதான்டா இருந்துச்சு. வினிகர் பாட்டில்ல இருந்துச்சு. நான்தான் கறியில ஊத்தினேன்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்க அவள் விடவில்லை.

அந்த வாரம்தான் சாடோ கேட்டு வந்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் சாடோ. வந்தது யார் என்றால், அந்த ஜனவரியில் சால்வை போர்த்திக் கல்யாணம் முடித்தாளே, அவளுடைய மாமியாரும் மூத்த நாத்தனாரும், இளைய நாத்தனாரின் கல்யாணத்துக்கு. "எங்க மருமகதான் உங்ககிட்டப் போகச் சொன்னா," என்றாள் பெண்ணின் தாய், குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல். இவர்கள் திரும்பி வந்தால் ஊர் திரும்பி வரும். இவர்கள் முகம் சுளித்துப் போனால் மிஷினுக்கு லேஸ் துணி போர்த்திவிடலாம். எர்மி அவர்களுக்குப் பலகாரம் எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில் கயேத்தான் சொன்னான்: "வியாழக்கிழமை அஞ்சு மணிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அளவு எடுத்திடலாம்."

அவர்கள் போனதும், "அவளைக் கேட்டியாடா?" என்றேன்.

"வேலையா, கூட்டமான்னு அவளே முடிவு பண்ணட்டும் மாயி," என்றான். தப்பு செய்கிறவன் முகமில்லை அது. பெண்டாட்டியை வீட்டில் நிறுத்திக்கொள்ள நல்ல வழி கண்டுபிடித்துவிட்டவனின் முகம். எர்மி அன்றே அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தாள், நாளை மாற்ற. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புதன்கிழமையும் செய்தாள்.

வியாழன் மூன்று மணிக்குக் கயேத்தான் ஹாலில் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மறித்தான் என்று சொல்ல முடியாது. அவனைத் தாண்டாமல் வெளியே போக முடியாது, அவ்வளவுதான். நான் அரிசி புடைக்கிற மாதிரி இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எர்மி தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு மிஷின் நின்றது. குளித்தாள். பவுடர் பூசினாள், கழுத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. டீ போட்டு அவனுக்கு ஒரு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ். ஒரு தட்டில் பலகாரம் எடுத்து வைத்து வலைமூடி போட்டாள். கண்ணாடியைத் துடைத்து, அளவு பார்க்கிற பெண் நிற்க வேண்டிய இடத்துக்கு எதிரே நிறுத்தினாள். அதைப் பார்த்துக் கயேத்தான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

பிறகு பையை எடுத்தாள்.

"அஞ்சு மணிக்கு அவங்க வர்றாங்க," என்றான் அவன்.

"தெரியும். உக்கார வைங்க. டீ குடுங்க. ஏழரைக்கு வந்துடுவேன்."

"காத்திருப்பாங்கன்னு நினைக்கிறியா? எங்க போயிருக்கான்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுங்க."

"என்னன்னு?"

"உங்களுக்கு எது வருதோ அதைச் சொல்லுங்க. நான் போகலன்னா அந்தக் கிளாஸை எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. பட்டாசு வெடிச்சதும் குடுப்பாங்க."

அவன் காலை மடக்கவில்லை. மணி நாலாகிக்கொண்டிருந்தது, பஸ் நாலேகாலுக்கு. என் மடியில் முறம் அப்படியே இருந்தது. எழுந்து அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றினாள். குனிந்து, அதை அவன் கழுத்தில் போட்டாள். இரண்டு முனையும் ஒரே அளவாகத் தொங்குகிறதா என்று பார்த்து, இடது பக்கத்தை ஒரு விரற்கடை இழுத்துவிட்டாள். கவுனை முழங்காலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் நீட்டியிருந்த காலைத் தாண்டிப் படியிறங்கினாள்.